பதினான்கு அடிக்கு மேல்

சுகிர்தா எழுதிய செயலியைப் பற்றி இரண்டு வருடமாக யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் உறுத்தலாக இருந்தது.

அவள் ஊர் சித்தேரிப்பாக்கம். உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அப்பா பாண்டியனும் அம்மா பரிமளாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். மகள் காஞ்சிபுரத்தில் படித்து முடித்து, சென்னையில் எட்டே பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்திருந்தாள். வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்தே வேலை. காலனியின் கடைசித் தெருவில் இருந்த அந்த வீட்டின் முன்னறையில், அம்மாவின் தையல் மெஷினுக்கு எதிரே, ஒரு பிளாஸ்டிக் மேசையில் அவள் லேப்டாப் இருந்தது.

அந்தச் செயலிக்கு 'ஏரிப்பலகை' என்று பெயர். அந்தப் பக்கத்து ஏரிகளில் முப்பத்தொன்று அதில் சேர்ந்திருந்தன. ஏரிக்கு ஏரி மடையோரத்தில் அடிக்கணக்கு எழுதிய ஒரு பலகை நட்டிருக்கும். மடையைக் கவனித்துக்கொள்கிறவர் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று அதில் பார்த்து, போனில் அந்த எண்ணைப் போட்டு 'அனுப்பு' என்ற பட்டனை அமுக்க வேண்டும். பச்சை டிக் வந்தால் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். மேலே இருக்கும் ஏரி நிரம்பிக் கற்சுவரின் மேல் வழியத் தொடங்கினால், அதைத்தான் அங்கே 'கோடி போகிறது' என்பார்கள், அந்தத் தண்ணீர் எந்த ஏரிக்கு வருமோ அந்த ஊர்க்காரர்களின் போனுக்குச் செயலியே எச்சரிக்கை அனுப்பும். முன்பெல்லாம் மேல் ஊரிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போவான். செயலி வந்த பிறகு யாரும் வருவதில்லை.

அந்த இரண்டு வருடமும் மழை ஏமாற்றியது. எந்த ஏரியும் கோடி போகவில்லை.

"சார், நம்ம ஆப்ல எங்கெங்க பிழை வருதுன்னு நமக்குத் தெரியவே தெரியாது," என்று ஐப்பசி தொடக்கத்தில் அவள் முத்துவேலிடம் சொன்னாள். முத்துவேல்தான் கம்பெனியை ஆரம்பித்தவர்.

"யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே சுகிர்தா. நல்லா ஓடுதுன்னுதானே அர்த்தம்?"

"யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம இருக்காங்கன்னும் இருக்கலாம் சார்."

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. செயலி ஓடுவது அவர்களுடைய சர்வரில் மட்டுமல்ல. பாதி வேலை பயன்படுத்துகிறவரின் போனுக்குள் நடக்கிறது. அங்கே ஒரு வரி தடுக்கி விழுந்தால், அந்தப் பிழையைப் பிடிப்பதற்கு என்று எழுதுகிறவர் ஏற்பாடு எதுவும் செய்யாமல் விட்டிருந்தால், பக்கம் அப்படியே நின்றுவிடும். பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. எது உடைந்தது என்ற விவரம், யாருமே திறந்து பார்க்காத ஒரு மூலையில் இரண்டு வரியாகப் பதிவாகி, பக்கத்தை மூடியதும் அழிந்துபோகும். ஏரிக்கரையில் நிற்கிறவர் சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொண்டு போனைப் பைக்குள் போடுவார்.

அவள் கேட்டது ஒரு சின்ன ஏற்பாடு. யாரும் பிடிக்காமல் விட்ட பிழை எதுவானாலும் அதைப் பிடித்து, எந்த ஏரி, எத்தனை மணி, என்ன எண் போட்டார், எந்த வரியில் உடைந்தது என்று எழுதி சர்வருக்கு அனுப்ப வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் போனிலேயே வைத்திருந்து, கிடைத்ததும் அனுப்ப வேண்டும்.

"ரெண்டு நாள்," என்றார் முத்துவேல். "அதுக்கு மேல வேண்டாம்."

இரண்டு நாளில் முடித்தாள். ஒரு புதன்கிழமை மாலை நாலு மணிக்கு அதைச் செயலியில் சேர்த்தாள். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலை எட்டே முக்காலுக்கு டீ தம்ளரோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பிழைப் பட்டியலைத் திறந்தாள். பத்துப் பதினைந்து வரிகள் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

இருநூற்று ஆறு வரிகள் இருந்தன.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கீழே நகர்த்திக்கொண்டே போனாள். ஒருவர் ஒன்பதரை என்று எழுத்தில் எழுதியிருந்தார், பக்கம் உடைந்திருந்தது. ஒருவருடைய போன் மிகப் பழையது. செயலி திறக்கும்போதே விழுந்திருந்தது. அவர் ஏழு தடவை திறந்து பார்த்திருக்கிறார். புள்ளி வைக்கிற இடத்தில் கால்புள்ளி வைத்தவர், நேற்றைய தேதியைத் திருத்தப் பார்த்தவர், என்ன செய்தார் என்றே புரியாதவர். இரண்டு வருடமும் இது இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். எத்தனையோ பேர் மழையிலும் வெயிலிலும் கரையில் நின்று அவளிடம் ஏதோ சொல்ல முயன்றிருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றுகூடக் கேட்டதில்லை. 

அதில் நாற்பத்தோரு வரிகள் ஒரே ஏரியிலிருந்து வந்தவை. ஆனைமடு ஏரி. அனுப்பியவர் பெயர் செங்கேணி. எல்லாவற்றிலும் ஒரே பிழை: இல்லாத வரிசையிலிருந்து கொள்ளளவைப் படிக்க முடியவில்லை.

எந்த வரி என்று போய்ப் பார்த்தாள். அவளே எழுதிய வரி. தண்ணீர் இத்தனை அடி என்றால் ஏரியில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று ஒவ்வொரு ஏரிக்கும் உண்டு. ஆனைமடுவின் அட்டவணை பூஜ்யத்தில் தொடங்கிப் பதினான்கு அடியில் முடிகிறது. பதினான்கு அடி என்றால் ஏரி நிறைந்துவிட்டது, கோடிச் சுவரின் தலைமட்டம். அதற்கு மேல் ஒரு எண்ணைப் போட்டால் அட்டவணையில் வரிசையே கிடையாது. செயலி இல்லாத இடத்தில் கையை விட்டு, தடுக்கி, நின்றுவிடுகிறது.

ஏரி நிரம்பினால் சொல்வதற்காகச் செய்த செயலி, ஏரி நிரம்பினால் மட்டும் சொல்லாது. இதை எழுதிய நாள்கூட நினைவிருந்தது. கோடை, மின்விசிறி ஓடாத ஒரு மத்தியானம். திருத்தத் தொடங்கினாள். மூன்று வரி மாற்றினால் போதும்.

இரண்டாவது வரியில் இருக்கும்போதுதான், செங்கேணி போட்டிருந்த எண்களை வரிசையாகப் பார்க்கத் தோன்றியது.

காலை ஆறு பத்துக்கு 14.1. ஆறு பதினொன்றுக்கும் அதேதான், பன்னிரண்டுக்கும் அதேதான். ஆறே முக்காலுக்கு 14.3. ஏழு மணிக்கு 14.4, அதையே ஐந்து தடவை. ஏழரைக்கு 14.6. எட்டுக்கு 14.9. எட்டே காலுக்கு 15.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டியலின் தலையில் புதிதாக ஒரு வரி வந்து உட்கார்ந்தது. ஆனைமடு, செங்கேணி, எட்டு ஐம்பத்தெட்டு. 15.2.

சுகிர்தாவின் விரல் விசைப்பலகையின் மேலேயே நின்றது. ஆனைமடு எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அந்த ஏரி அவள் கண்ணெதிரே, ஒரு பிளாஸ்டிக் மேசையின் மேல், ஏறிக்கொண்டிருந்தது. செயலி வாங்க மறுத்த ஒவ்வொரு எண்ணையும் பிழைப் பட்டியல் வாங்கி வைத்திருந்தது.

செயலியின் வரைபடத்தைத் திறந்தாள். ஆனைமடு அதில் பச்சையாக இருந்தது. முந்தின நாள் மாலை அளவு, 13.9. ஆபத்து இல்லை.

செங்கேணியின் எண்ணுக்குப் போன் போட்டாள். போகவில்லை. மறுபடியும் போட்டாள். தொடர்பு எல்லைக்கு அப்பால். அங்கே சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கிறது போல.

"நைனா!" என்று கூப்பிட்டாள். பாண்டியன் வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்தார். "ஆனமடு ஏரி கோடி போனா, தண்ணி நம்ம ஏரிக்கு வர்றதுக்கு எத்தினி நேரம் ஆவும்?"

"மூணு மணி நேரம். மூன்ற. எதுக்கு?"

"பதினஞ்சு அடி போட்டுக்கினு கீறாங்க."

பாண்டியன் குடையை மடக்கினார். "ஆனமடுவுலயா? அங்க பதினஞ்ச நான் பார்த்ததே இல்லியே. கண்ணு மண்ணு தெரியாம வருமே அது."

அவள் ரெயின்கோட்டைக்கூட எடுக்கவில்லை. போனை ஒரு பால் கவரில் சுற்றிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினாள்.

சித்தேரிப்பாக்கம் ஏரிப் பாசன சங்கத்தின் தலைவர் தாண்டவராயன், பன்னிரண்டு ஏக்கர்க்காரர், நாலைந்து பேரோடு மதகின் மேல் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் பலகையில் பதினோரு அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஏரிக்குப் பன்னிரண்டு அடிதான் முழு அளவு.

"தலைவரே, மதகையும் கோடி ஷட்டரையும் இப்பவே தொறக்கணும். ஆனமடு ஒரு அடிக்கு மேல கோடி போவுது."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, ஏரிப்பலகையைத் திறந்து, கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இன்னாம்மா, பச்சயாதான கீது? பதிமூணு ஒம்போதுன்னு போட்டுக்கீது. உன் ஆப்புதான இது?"

"என் ஆப்புதான். அதுல தப்பு கீது தலைவரே. பதினாலுக்கு மேல போட்டா அது வாங்காது. நான்தான் அப்படி எய்திட்டேன். அது வாங்காதது அல்லாம் இங்க வந்து வியுது, பாருங்க." பால் கவரைப் பிரித்துப் பட்டியலைக் காட்டினாள்.

"ஆப்பு தப்பு, ஆப்புல வர்ற தப்புதான் சரின்னு சொல்ற."

"ஆமா."

பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். தாண்டவராயன் சிரிக்கவில்லை. "இப்ப நான் மதகத் தொறந்து, நீ சொல்ற தண்ணி வராம போச்சின்னா, மாசி மாசம் கதிரு வர்ற நேரத்துல ஊரே என் சட்டயப் பிடிக்கும். அது கெடக்கட்டும். ஆனமடுல பலகையே பதினாலு அடிதாம்மா. அதுக்கு மேல எய்த்தே கெடயாது. பதினஞ்சு ரெண்டுன்னு அந்தம்மா எதப் பார்த்துப் படிச்சா?"

சுகிர்தா நனைந்த தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "எனுக்குத் தெர்ல தலைவரே. ஆனா காலையில ஆறு மணிலேர்ந்து நாப்பத்திரெண்டு தபா அமுக்கிக் கீறாங்க. பொய் சொல்ற யாரும் நாப்பத்திரெண்டு தபா அமுக்க மாட்டாங்க."

மழை கரையோரத்து வேப்பமரங்களின் மேல் இரைந்துகொண்டிருந்தது. அவர் மறுபடி அவளுடைய போனைப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரி ஒன்று சத்தமில்லாமல் மேலே வந்து சேர்ந்தது. ஒன்பது இருபத்தைந்து. 15.4.

"இது இப்ப வந்துதா?"

"இப்பதான். அங்க நின்னுக்கினு இப்ப அமுக்கினாங்க."

தாண்டவராயன் அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ கூப்பிட்டுக்கொண்டிருப்பது போலத் தலையைச் சற்றுச் சாய்த்திருந்தார். பிறகு போனை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "ராஜாராமு, கோடி ஷட்டர் சாவி எட்து வா. மதகு ரெண்டயும் முழுசாத் தொறங்க. போன வருசம் மண்ணு சரிஞ்ச எடத்துல மூட்ட அடுக்கணும், டிராக்டர இட்டுக்கினு வா." அவளைப் பார்த்தார். "உங்க தெருவுல எத்தினி வூடு பள்ளத்துல கீது?"

"பதினாலு."

"பள்ளிக்கூடத்துக்குப் போவச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. ஆடு மாட முதல்ல ஓட்டு."

அடுத்த இரண்டு மணி நேரம் சுகிர்தாவுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியது. "இன்னாடி பேஜாரு பண்ற, தூறல்தான போடுது" என்று ஒரு சித்தி திட்டியது. அந்தச் சித்தியையே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தது. பரிமளா அரிசி டிரம்மின் மேல் தையல் மெஷினை ஏற்றி வைத்தது. பாண்டியனும் இன்னும் இருவரும் நடக்க முடியாத ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்பு அறையில் ஆடுகளும் குழந்தைகளும் ஒன்றாக உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவே அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது ஐம்பதுக்கு 15.5 என்று ஒரு வரி வந்தது. அதன் பிறகு ஆனைமடுவிலிருந்து ஒன்றும் வரவில்லை.

பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. மற்ற ஏரிகளிலிருந்து வரிகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனைமடு மட்டும் பேசவில்லை. அவளுக்குச் செங்கேணியின் முகம் தெரியாது. வயது தெரியாது. அவளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நாற்பத்து நாலு எண்கள்தான். இருந்தும் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றுகொண்டு, கர்த்தரே அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பன்னிரண்டு ஐந்துக்கு, ஒரே நொடியில், பதினோரு வரிகள் வந்து விழுந்தன. போனில் சிக்னல் இல்லாமல் தேங்கியிருந்தவை. ஒவ்வொன்றிலும் அமுக்கிய நேரம் இருந்தது. பத்து பத்துக்கு 15.6. பத்து நாற்பதுக்கு 15.6. பதினொன்று இருபதுக்கு 15.6. பதினொன்றே முக்காலுக்கு 15.5. பன்னிரண்டு மணிக்கு 15.4.

"எறங்குது!" என்று கத்தினாள். சுற்றி இருந்தவர்களுக்கு எது இறங்குகிறது என்று புரியவில்லை. அவள் மழையிலேயே கரைக்கு ஓடினாள்.

தண்ணீர் வந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அதற்கு முன்பே கேட்டது. வடக்கே கால்வாய்ப் பக்கம் கனமான லாரிகள் வரிசையாக வருவது போல. பிறகு கருவேல மரங்களுக்கு நடுவே, கால்வாய்க்கு உள்ளேயும் வெளியேயும், செம்மண் நிறத்தில் ஒரு அகலமான நெற்றி முன்னேறி வந்தது. நுரையும் குச்சிகளும் ஒரு முழு வைக்கோல் போரும் அதன் மேல் மிதந்து வந்தன. அவசரமே இல்லாமல் வந்தது. வந்து ஏரிக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கி, தட்டில் ஊற்றிய எண்ணெய் போல விரிந்தது. 

மூன்று மணி நேரமாகத் திறந்திருந்த மதகுகளால் ஏரி இரண்டடி இறங்கியிருந்தது. அந்த இரண்டடியும் ஒரு மணி நேரத்தில் நிறைந்தது. அதற்கு மேல் இன்னும் ஒன்றரை அடி ஏறியது. மூட்டை அடுக்கிய இடத்தில் கரை கசிந்தது, ஆனால் நின்றது. கோடியில் வழிந்த தண்ணீர் பள்ளத்துத் தெருவுக்குள் புகுந்து, பதினாலு வீடுகளிலும் இடுப்பளவு நின்றது. அந்த வீடுகளில் அப்போது ஒரு கோழிகூட இல்லை.

தாண்டவராயன் கரையின் மேல் குந்தி உட்கார்ந்து, ஈரமான துண்டால் முகத்தைத் துடைத்தார். "தொறக்காம இருந்திருந்தா கர போயிருக்கும்," என்றார். யாரிடம் என்று இல்லை. கொஞ்சம் கழித்து, "அந்தம்மா பேரு இன்னா சொன்ன?" என்று கேட்டார்.

"செங்கேணி."

"செங்கேணி," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்து வராந்தாவிலிருந்தே சுகிர்தா அந்த மூன்று வரிகளையும் திருத்திச் செயலியில் ஏற்றினாள். முத்துவேலிடம் போனில் நடந்ததைச் சொன்னபோது அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு அவர், "அந்தப் பட்டியல்ல மீதி இருக்கிற ஒவ்வொரு வரியும் என்னன்னு பார்க்கணும் சுகிர்தா. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்ல," என்றார்.

சனிக்கிழமை மழை விட்டது. பாண்டியன் ஒரு டி.வி.எஸ்ஸை இரவல் வாங்கி வந்தார். மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, உடைந்த ரோடுகளைச் சுற்றிக்கொண்டு, ஆனைமடுவுக்குப் போனார்.

கோடிச் சுவர் ஓரத்தில் ஒரு பெண் அரிவாளால் முள்ளுச் செடிகளை வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். வலது கையில் துணிக்கட்டு.

"செங்கேணியக்காவா?"

"ஆமா. நீங்க யாரு?"

"நான் சித்தேரிப்பாக்கம். ஏரிப்பலக ஆப்பு எய்தினது நான்தான்."

செங்கேணி அரிவாளைக் கீழே போட்டாள். "அய்ய, உன்னத்தான் தேடிக்கினு கீறேன். வியாயக்கியம டிக்கே வரலம்மா. அமுக்கி அமுக்கிப் பாக்கறேன், வரவே இல்ல. பலகையில எய்தி வச்ச நம்பருக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கல. அப்பறம் டவரும் போச்சி. சித்தேரிப்பாக்கத்துக்கு ஓடிப்போயி சொல்லலாம்னா, மரம் வந்து கோடியில மாட்டிக்கிச்சி. அத வெட்டி வுடலன்னா இந்தக் கர பூடும். ரெண்டுல எதப் பண்றது? மரத்த வெட்டறேன், ஓடியாந்து அமுக்கறேன், மறுபடியும் போயி வெட்டறேன்."

"தப்பு என்னுதுக்கா. பதினாலுக்கு மேல போட்டா வாங்காத மாதிரி எய்திட்டேன். நான்தான்."

செங்கேணி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "அப்ப சித்தேரிப்பாக்கத்துக்குத் தெரியாமயே பூட்ச்சா? ஜனங்களுக்கு ஒன்னும் ஆவலியே?"

"தெரிஞ்சுதுக்கா. நீ அமுக்கினது அல்லாம் எனுக்கு வந்துச்சி."

"டிக்கு வரலியே?"

"டிக்கு வரல. ஆனா வந்துச்சி. ஒன்னுகூட வுடல. அத வச்சித்தான் மதகத் தொறந்தாங்க. எங்க தெருவே அத்தால வெளிய வந்துச்சி."

செங்கேணி நம்பவில்லை. சுகிர்தா போனை எடுத்துப் பட்டியலைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள். செங்கேணி கட்டு இல்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் வரியிலிருந்து விரலை வைத்து இறங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாய் திறந்துகொண்டது.

"இது மொதல்ல அமுக்கினது. அப்ப இன்னும் சரியா வெளுக்கல." விரல் நகர்ந்தது. "இந்த அஞ்சும் ஒரே நம்பரு, பாரு. டிக்கு வரலன்னு கோவத்துல குத்தினது. இது போனு நனஞ்சி, பாவாடையில தொடச்சிட்டு அமுக்கினது. இது மரம் வந்தப்போ. இது கையில வெட்டுப் பட்டப்போ, ரத்தம் ஒயுவிக்கினு கீது, எடது கையால அமுக்கினேன். அய்யோ சாமி, இது அல்லாத்தயும் எங்கம்மா வச்சிக்கினு இருந்த?"

அவள் கண் கலங்கியிருந்தது. வெறும் எண்ணும் நேரமுமாகச் சுகிர்தா மனப்பாடம் செய்து வைத்திருந்த அந்தப் பட்டியலுக்குள் ஒரு மனுஷியின் முழுக் காலைப்பொழுதும் இருந்தது.

"ஒன்னு கேக்கணும்க்கா," என்றாள் பிறகு. "பலகை பதினாலோட முடியுதே. பதினஞ்சு ஆறுன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

செங்கேணி அவளை மடைக்கு அழைத்துப் போனாள். பலகை இன்னும் தண்ணீருக்குள் முழுகியிருந்தது. அதற்குப் பக்கத்திலிருந்து கரை மேலே ஏறும் கருங்கல் படிகளைக் காட்டினாள். "பலக முடிஞ்சா இன்னா, தண்ணி முடியிலியே. இந்தப் படி ஒன்னு ஒன்னும் முக்கா அடி. கோடையிலயே அளந்து வச்சேன். படிக்கு நடுவுல நின்னா வெரல வச்சிப் பாப்பேன்." படியின் ஓரத்தில் கரிக்கட்டியால் போட்ட கோடுகள் மழையில் பாதி கரைந்து தெரிந்தன.

முந்தின நாள் ஒரு பொறியாளர் வந்து, சுவரில் படிந்த ஈரத்தடத்தைக் கருவி வைத்து அளந்திருக்கிறார். பதினைந்து அடி ஏழு அங்குலம். செங்கேணி போட்ட எண்ணுக்கும் அதற்கும் கால் அங்குலம்கூட வித்தியாசம் இல்லை. அதை அவரே செங்கேணியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. முக்கால் அடிப் படியை அளந்தால் அப்படித்தானே வரும் என்று கேட்டாள்.

சுகிர்தா அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டவணை முடிந்த இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். அதே இடத்திலிருந்து இந்தப் பெண் கரிக்கட்டியோடு மேலே படியேறிப் போயிருக்கிறாள், யாரும் சொல்லாமலே, தண்ணீர் வருவதற்கு ஆறு மாதம் முன்பே.

"செருப்பக் கயட்டிட்டு இங்க வந்து நில்லு," என்றாள் செங்கேணி. கோடிச் சுவர் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு அகலமான கல் இருந்தது. சுகிர்தா வெறுங்காலோடு ஏறி நின்றாள். ஒரு முழம் தள்ளி, அரையடி கனத்துக்குத் தண்ணீர் சுவரின் மேல் கண்ணாடி மாதிரி வளைந்து, நூறு கஜ அகலத்துக்கு ஒரே சீராக, அப்பால் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடத்தில் வெயிலில் சாரல் எழும்பியது. கெண்டை மீன்கள் அதற்கு எதிராகத் துள்ளித் துள்ளி விழுந்தன. கல் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறி, முழங்கால் வழியாக, பல்வரை வந்தது.

பாண்டியன் கரையில் நின்றபடியே தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வியாயக்கியம இதுக்கு மேல ஒரு அடி போச்சி," என்று செங்கேணி அவள் காதருகே கத்திச் சொன்னாள். "அப்ப இந்தக் கல்லுமேலதான் நின்னுக்கினு இருந்தேன். பயந்துட்டேன்னு நெனைக்கிறியா? பயமே வரல. வாயத் தொறந்து பாத்துக்கினே நின்னுட்டேன் கொஞ்ச நேரம். அப்பறம்தான் அமுக்கணும்னு நெனப்பே வந்துச்சி."

அவள் கட்டுப்போட்ட கையால் சுகிர்தாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வெகு நேரம் அங்கேயே நின்றார்கள்.